நீலம் குடிக்காத செல்கள்

உறைந்த ஸ்டெம் செல்களை எழுப்பும்போது வேகம் வேண்டும், பதற்றம் கூடாது. எனக்கு ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

அன்று காலையும் அப்படித்தான். வெந்நீர்த் தொட்டியில் குப்பியை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டரின் போன்.

"என்னம்மா, ரெடியா? உன் தம்பிக்கு மயக்கம் குடுத்தாச்சு."

"வந்துக்கிட்டே இருக்கேன் சார்."

ஓடினேன். உருகிய செல்களுக்கு ஆயுள் குறைவு. சொந்தத் தம்பி என்பதால் அக்கறை கூடுதலாக இருக்கும் என்று இந்த வேலையை டாக்டரே என்னிடம் கொடுத்திருந்தார். அவர் கணிப்பு தப்பில்லை.

தம்பிக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே குடலில் ஆறாத அழற்சி. மருந்துக்குக் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். கடைசியில் குடலைத் துளைத்துத் தோல் வரை வழி போட்டுக்கொண்டு சீழ் வடிந்தது. அந்தத் துளையைச் சுற்றி ஸ்டெம் செல்களை ஊசியில் போட்டால் மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. பலருக்கு மூடியிருக்கிறது. மூடாவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் வடிய வயிற்றில் பை.

அம்மா போனதிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். ராத்திரி கதவைத் திறந்து "அக்கா" என்பான். அந்தக் குரலுக்கு நான் விழித்தே இருப்பேன். துணி மாற்றுவேன், முதுகைத் தடவுவேன். நோய் அடங்கிய ஒரு வருஷம் மட்டும் அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். வெளியூர் வேலை, கூட வேலை பார்க்கும் பெண் என்று ஏதேதோ பேசினான். அந்த வருஷம் நான் சரியாகத் தூங்கவில்லை. உங்களுக்குப் புரியும்.

முதல் ஊசி பலிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அக்கா, எனக்குப் போட்ட செல்லு எல்லாம் என்னை மாதிரிதான். வேலைக்குப் போகச் சொன்னா படுத்துக்குது."

"வாயை மூடிட்டுத் தூங்குடா."

அவன் தூங்கினான். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சொட்டில் நீலச் சாயம் கலப்போம். செத்த செல் நீலத்தைக் குடித்துவிடும். உயிருள்ள செல் உள்ளே விடாது, பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். மைக்ராஸ்கோப் படத்தை டாக்டருக்கு அனுப்பினால்தான் அவர் ஊசியைக் கையில் எடுப்பார். தம்பியின் படங்களில் மூன்று தடவையும் வெள்ளைதான்.

அந்தப் படங்கள் வேறு நோயாளிகளுடையவை. மூன்றாவது படத்தின் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி இருந்தது. அதே குமிழி அதே இடத்தில் இன்னொருவர் படத்திலும் இருந்ததை டாக்டர் பிறகு பார்த்திருக்கிறார். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. என் வேலையில் அது ஒன்றுதான் பிசகு.

மற்றபடி நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தொட்டியின் சூட்டை, காப்பி குடிக்கிற அளவுக்கு ஏற்றினேன். செத்த செல்லும் பார்வைக்கு அதே கலங்கல் தண்ணீர்தான். ஒரு வலியும் இல்லை. விஷம் வைத்தேனா? கிடையாது. அவன் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது ஊசியும் பலிக்கவில்லை. குடலை எடுத்தார்கள். பை வைத்தார்கள். பையை ஒட்டும் வில்லையில் நடுவே, வயிற்றில் வைத்த துளையின் அளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் கசிந்து தோல் வெந்துவிடும். அவன் வெட்டினால் தினமும் கோணல்தான். "எனக்கு வராதுக்கா, நீயே வெட்டிக் குடு" என்று கத்தரிக்கோலை நீட்டுவான். இந்த ஆறு மாதமாக நான்தான் வெட்டுகிறேன்.

அதனால் இந்த வாக்குமூலத்தில் என் கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவனுக்குப் பை மாற்றும் நேரமாகிறது.

என்ன சொன்னீர்கள்?

ஆஸ்பத்திரியை விட்டு வருமுன்பே நர்ஸ் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாளா? அங்கே அவன் கச்சிதமாக வெட்டினானா? அக்காவுக்கு வேறு யாருமில்லை, இதுவும் இல்லாவிட்டால் உடைந்துபோய்விடுவாள் என்று வீட்டில் வேண்டுமென்றே கோணலாக வெட்டினானா?

அவனே சொன்னானா?