காக்கைக்கு உறைக்கவில்லை

என் பெயர் ஷ்ரவண், வயது 17, தகப்பனார் பெயர் கபாலி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறேன். ஷ்ரவண் என்றால் கேட்பவன் என்று அர்த்தம், ஆனால் யார் சொன்னாலும் கேட்டதில்லை என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றார் எஸ்.ஐ. என் அம்மா ஜலஜா முன்னிலையில் சொல்கிறேன்.

நானும் உடன் படிக்கும் வெங்கடேஷும் ஒருவரையொருவர் ஏமாற்றுவது வழக்கம். போன வாரம் அவன் என் டிபன் பாக்ஸில் இட்லியை எடுத்துவிட்டு வெள்ளை ஸ்பாஞ்சை வைத்தான். பதிலடிக்காக நான் ஆன்லைனில் மிளகாய்ச் சாறு ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரு பானைக்கு ஒரு சொட்டு போதும் என்று அதில் போட்டிருந்தது. போலியாக இருக்குமோ என்று சந்தேகம். என் நாக்கில் வைத்துப் பார்க்கப் பயம்.

எங்கள் வீட்டில் காக்கை சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். ஆகவே ஞாயிறு மதியம் காக்கைக்கு வைக்க அம்மா கொடுத்த பருப்பு சாதத்தில் சாற்றைத் தாராளமாக ஊற்றி மாடிச் சுவரில் வைத்தேன். ஒன்று வந்தது, பிறகு கூட்டமே வந்தது. "ஒரு பருக்கை விடலையேடா, இன்னிக்கு அவ்ளோ நன்னாருக்கோ?" என்று அம்மா கேட்டார். வாத்தியார்களிடம்கூடக் காக்கா பிடிக்காத நான், அன்று காக்காவை முழுசாக நம்பி, சாறு போலிதான் என்று முடிவு செய்தேன்.

அதன் பின்னர் மாலை பெசன்ட் நகர் கடற்கரையில், சூடாமணி அக்கா பஜ்ஜிக் கடையில், வெங்கடேஷ் கை கழுவப் போனபோது அவன் சட்னியில் மீதியை ஊற்றினேன். சொட்டுக்கு வேலையில்லை, மொத்தமாக ஊற்றினால் லேசாகவாவது உறைக்கும் என்று கணக்குப் போட்டேன். அவன் ஒரு கடி கடித்தான், இருமினான், கழுத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

"மச்சி, மூச்சு வரலடா" என்றான்.

காக்கைக்கே ஒன்றும் ஆகவில்லை என்பதால் நடிக்கிறான் என்று நினைத்து போனில் வீடியோ எடுத்தேன். அதில் என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கிறது. அப்போது சூடாமணி அக்கா, "இன்னா நைனா, சிரிச்சிக்கினு கீற? அவன் ஒதடு நீலமா கீது பாரு" என்றார். பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது.

அதன் பின்னர் அவரும் நானும் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஆயத் மேடத்திடம் பாட்டிலைக் கொடுத்து, காக்கைக்குக் கொடுத்துப் பார்த்ததையும் சொன்னேன்.

"பறவைக்கு மிளகாய்க் காரமே தெரியாதுப்பா. எலிக்கு ஒத்துக்கிட்ட மருந்தே மனுஷனுக்கு வரும்போது பல தடவ தப்பாப் போகுது. நீ காக்காய வெச்சா பாத்த?" என்றார்.

வெங்கடேஷுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததாம். எனக்குத் தெரியாது.

அதன் பின்னர் தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் அப்பா கனகராஜ், கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே ஓடி வந்தார். என் தோளைத் தொட்டு, "நீயும் அதத்தான் சாப்ட்டியா தம்பி? உனக்கு ஒண்ணுமில்லியே?" என்று கேட்டார்.

வெங்கடேஷ் தொண்டையில் குழாயோடு இருக்கிறான். இன்னும் கண் விழிக்கவில்லை. இதுவரை சொன்னதைப் படித்துக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்தவரை அனைத்தும் உண்மை. அவன் விழித்து இதற்கு மாறாக எதைச் சொன்னாலும், அவன் சொல்வதையே உண்மையாக எடுத்துக்கொள்ளவும்.

(ஒப்பம்) க. ஷ்ரவண்