வானத்துக்குக் கட்டிய கூரை

ஜவாத்: லல்லா இட்டோ… இந்த வீட்டுக்குள்ள ஆடு நிக்குது!

இட்டோ: நிக்கட்டுமே. உக்காரச் சொன்னா கேக்கவா போகுது?

ஜவாத்: அடுத்த வீட்லயும் ஆடு. அதுக்கு அடுத்த வீட்டுக்குப் பின்சுவரே இல்ல. மேல தகரம் மட்டும் இருக்கு!

இட்டோ: காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டிருப்பாங்க. லல்லான்னு மரியாதையாக் கூப்பிட்டாப் போதுமா? கடைக்குள்ள வந்து உக்காருங்க தம்பி, டீ ஆறுது. உங்க ரபாத்ல புதினா இப்படி மணக்குமா?

ஜவாத்: டீ கிடக்கட்டும். ரபாத் ஆபீஸ்ல உக்காந்து, செயற்கைக்கோள் படத்துல உங்க ஊர்க் கூரையை எண்ணினவன் நான். போன வருஷத்தைவிட இந்த வருஷம் ரெண்டு மடங்கு. அட்லாஸ் மலை உச்சியில ஒரு ஊர் இப்படிப் பெருகுதேன்னு சந்தோஷமாப் பார்க்க வந்தா…

இட்டோ: சந்தோஷம்தானே பட்டீங்க? அதுக்கு நாங்க காசா கேட்டோம்?

ஜவாத்: மறைக்காமச் சொல்லுங்க. இதெல்லாம் வீடா?

இட்டோ: மேலேர்ந்து பார்த்தா வீடு.

ஜவாத்: என்னது!

இட்டோ: மேலேர்ந்துதானே பார்க்கிறீங்க? கீழ இறங்கி வருவீங்கன்னு யார் கண்டா? அரசாங்கம் வானத்துலேர்ந்து கூரை எண்ணுது, கூரை அதிகமா இருக்கிற ஊருக்கு ஆஸ்பத்திரி வருதுன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. சரின்னு ஆட்டுப்பட்டிக்கெல்லாம் தகரம் போட்டோம். தகரம் நம்ம கடைச் சரக்கு. பாதி கடன்.

ஜவாத்: யா லத்தீஃப்! ஊரே கூடி வரைபடத்தை ஏமாத்தியிருக்கீங்க!

இட்டோ: ஏமாத்தல. கொஞ்சம் கூட்டிச் சொன்னோம். விக்கிறவன் நூறு சொன்னா வாங்குறவன் அம்பதுக்குக் கேப்பான். எப்படியும் நீங்க பாதியாக் குறைப்பீங்க, அதனால ரெட்டிப்பாக் காட்டினோம். பேரம் தெரியாதவர் மாதிரி கத்துறீங்களே.

ஜவாத்: ஐயோ லல்லா… உங்க கூரையை யாரும் குறைக்கவே இல்ல. பழைய கூரையே போதும். உங்க ஊருக்கு ஆஸ்பத்திரி இல்லன்னு ஒதுக்கினது அதுக்காக இல்ல.

இட்டோ: பின்ன எதுக்காம்?

ஜவாத்: தூரம். அஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஒரு சுகாதார நிலையம் இருந்தா, புதுசு கிடையாது. உங்களுக்குத் தம்கெர்த் ஊர் நிலையம் நாலே கிலோமீட்டர்.

இட்டோ: அப்ப… அவ்வளவு தகரமும்?

ஜவாத்: தண்டம்.

இட்டோ: நாலு கிலோமீட்டர்னு எந்தக் கழுதை சொல்லுச்சு?

ஜவாத்: இந்த டேப்லெட் திரையைப் பாருங்க. இது உங்க கடை. அது சுகாதார நிலையம். நடுவுல கோடு.

இட்டோ: கோட்டுக்கு அடியில என்ன இருக்கு?

ஜவாத்: ஏதோ… பள்ளத்தாக்கு.

இட்டோ: ஏதோவா! அதுல விழுந்த ஆட்டை எடுக்க இதுவரைக்கும் ஒருத்தனும் இறங்கினதில்ல. கழுகுக்குப் பேறுகாலம்னா உங்க கோடு சரிதான். பொம்பளைக்கு மலையையே சுத்தணும், தம்பி.

ஜவாத்: சுத்தினாலும் என்ன, வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகுமா? நான் வந்த ரோடு நல்லாத்தானே இருந்துச்சு?

இட்டோ: நீங்க வந்தது சந்தை ரோடு. சந்தைக்குப் போறதுக்குன்னா எல்லாருக்கும் வழி போட்டுத் தருவாங்க.

ஜவாத்: ஒண்ணும் புரியல எனக்கு. கிளம்பறேன். பிராஹிமைக் கூப்பிடுங்க, வண்டியை எடுக்கட்டும்.

இட்டோ: உங்க டிரைவர் என் தம்பி வீட்ல சாப்பிடறான். அவன் அம்மா இந்த ஊர்க்காரி, லேசுல விடுவாங்களா? நீங்க மூணாவது கிளாஸைக் குடிங்க. அதுக்கு முன்னாடி எழுந்தா, சண்டை போட்டுட்டுப் போறதா அர்த்தம்.

ஜவாத்: பேச்சோட பேச்சா மூணு குடிச்சாச்சு!

இட்டோ: முதல் கிளாஸ்ல ஈ விழுந்துச்சு. அது சேர்த்தி இல்ல.

ஜவாத்: என்ன லல்லா விளையா… இருங்க, இருங்க. இது என்ன? புள்ளி நகருது!

இட்டோ: எந்தப் புள்ளி?

ஜவாத்: என் வண்டி! எங்க இருந்தாலும் இந்தத் திரையில காட்டும். வண்டி ஓடுது லல்லா! யாரோ தூக்கிட்டாங்க! பிராஹிம்! அடேய் பிராஹிம்!

இட்டோ: கத்தாதீங்க தம்பி. அவன்தான் ஓட்டறான்.

ஜவாத்: சாப்பிடறான்னீங்க!

இட்டோ: சொன்னேன்.

ஜவாத்: சத்தமே கேக்கலையே…

இட்டோ: சரிவு வரைக்கும் ஆம்பளைங்க தள்ளிட்டுப் போனாங்க.

ஜவாத்: மேற்கால போகுது… மேற்கால என்ன இருக்கு?

இட்டோ: தம்கெர்த்.

ஜவாத்: தம்கெர்த் கிழக்கால இருக்கு!

இட்டோ: உங்க கோட்டுக்குக் கிழக்கு. ரோட்டுக்கு மேற்கு, அப்புறம் வடக்கு, ஆத்துக்குள்ள இறங்கி ஏறி, அப்புறம்தான் கிழக்கு.

ஜவாத்: வண்டியில… யாரு?

இட்டோ: என் மருமக. விடியறதுக்கு முன்னாடியே வலி கண்டுடுச்சு. நீங்க ஆட்டைப் பார்த்துக் கூப்பாடு போட்டீங்களே, அப்பதான் அவளை ஏத்தினோம்.

ஜவாத்: அடப் பாவிகளா! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே! நான் என்ன மனுஷன் இல்லையா?

இட்டோ: போன பனிக்காலத்துல வந்த அதிகாரியும் மனுஷன்தான், தம்பி. நல்ல மனுஷன். என் பொண்ணுக்குப் பேறுகால வலின்னு வண்டி கேட்டோம். அரசாங்க வண்டி, மேலிடத்துல அனுமதி வாங்கி ஏத்திக்கறேன்னு போனும் கையுமா நின்னார். அனுமதி வந்துச்சு… அவதான் உயிரோட இல்ல. அதான் இந்தத் தடவை கேக்கல, டீ ஊத்தினேன். உக்காருங்க. எனக்கு இந்தத் திரை புரியாது. கண்ணை எடுக்காமப் பார்த்துச் சொல்லுங்க… புள்ளி இன்னும் போகுதா?