பழைய பிஸ்டலுக்கே திரும்பிட்டேன்

"அந்த ஆளுக்குக் குடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சும்மா இரு லொரெட்டா. புதுசை நாலு மாசம் பிடிச்சுப் பார்த்தா, பெருசு அந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் போட்டுடும்."

"அவனுக்கு உன்னைக் கண்டாலே ஆகாது டுவைட். உனக்குத்தான் அது தெரியல."

"ஆகாதவன்தான் வாராவாரம் நம்ம வீட்டுல வந்து சாப்பிடறானா?"

உள்ள டுவைட்டும் அவன் பொண்டாட்டியும் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் அவங்க வீட்டுப் பின்கதவுகிட்ட நின்னு பூட்ஸ்ல ஒட்டின பனியைத் தட்டிக்கிட்டிருந்தேன். பெருசுன்னு சொன்னது என்னைத்தான். எனக்கும் டுவைட்டுக்கும் ஒரே வயசு. இரவல் வாங்கின பிஸ்டலைத் திருப்பிக் குடுக்கப் போயிருந்தேன்.

முதல்ல பிஸ்டலைப் பத்திச் சொல்லிடறேன். இந்தக் குழுவுக்கு எல்லாரும் அதுக்குத்தானே வர்றோம். என்னோடது நாற்பத்தஞ்சு காலிபர். இரும்பு, கனம், நூறு வருஷத்துக்கு மேல ஆன டிசைன். நடுவுல ரெண்டு பிளாஸ்டிக் பிஸ்டல் வாங்கிப் பார்த்தேன். மூணாவதுதான் டுவைட்டோடது. குறை மட்டும் சொல்லக்கூடாது. லேசா இருக்கு, குண்டு ரெண்டு மடங்கு பிடிக்குது, உதைப்பும் கம்மி. ஆனா டிரிக்கரை இழுத்தா ஸ்டேப்ளர் அமுக்கற மாதிரி இருக்கு. கட்டைவிரல் பழக்கத்துல சேஃப்டி லாக்கைத் தேடிப் போகும், அங்க ஒண்ணும் இருக்காது. எல்லாத்துக்கும் மேல, சுத்தம் பண்ணப் பிரிக்கணும்னா முதல்ல டிரிக்கரை இழுத்தாகணும். இதை யோசிச்சவன் எல்லாம் ஒரு ஆளு. அதை வாங்கிட்டு மார்தட்டிக்கறவனைப் பத்திச் சொல்ல வேண்டாம்.

டுவைட் எங்க துப்பாக்கி கிளப்புல புது ஆளுங்களுக்குச் சொல்லித் தர்றவன். ஒரு நாள் வகுப்புல என் பிஸ்டலை வாங்கி உயர்த்திக் காட்டி, "இதுவும் வெர்னனும் ஒரே காலம். ரெண்டும் முக்கியமான நேரத்துல சிக்கிக்கும்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. காபி ஊத்திக்கிட்டிருந்த லொரெட்டா வாயைக் கையால மூடிக்கிட்டுச் சிரிச்சா. மூடாம சிரிச்சிருந்தா விட்டிருப்பேன். எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. அவங்க எப்படிப்பட்டவங்கன்னு புரிஞ்சுது, அவ்வளவுதான்.

எங்க ஊர்ல ஒருத்தர் கையில பிஸ்டல் குடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. குண்டு அடைக்கற மேகசினை எடுத்துட்டு, மேல இருக்கற ஸ்லைடைப் பின்னால இழுத்துத் திறந்து, உள்ள காலின்னு காட்டித்தான் குடுக்கணும். வாங்கறவனும் ஒரு தடவை பார்க்கணும். இதுல கிளப்புலயே கறார் ஆளு நான்தான். காட்டாம நீட்டினவனை வீட்டுக்கே அனுப்பியிருக்கேன். வாத்தியார்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா என்கிட்டேருந்து வாங்கினா யாரும் உள்ள மறுபடி பார்க்க மாட்டாங்க.

பிஸ்டலைத் திருப்பிக் குடுக்கப் போன அன்னைக்கு மதியம் காட்டுமான் கறி. வெள்ளரிக்காய் ஊறுகாய் வேணுமான்னு லொரெட்டா கேட்டா. அது சமையலறையை ஒட்டின சாமான் அறையில, பின் ஷெல்ஃபுல இருக்கும். மெல்லிசான பலகைக் கதவு. பிஸ்டலைப் பிரிக்கறப்ப டுவைட் எப்பவும் அந்தக் கதவைப் பார்த்துத்தான் பிடிப்பான். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்கன்னு.

வேணும், கொண்டு வாங்கன்னேன். அவ உள்ள போனதும் பிஸ்டலை எடுத்துக் குடுத்தேன். மேகசின் இல்ல. ஸ்லைடு மூடியிருந்துச்சு.

"துடைச்சியா, இல்ல உன்னோடது மாதிரி பிசுக்கோட தர்றியா?"ன்னான் டுவைட்.

"நீயே பிரிச்சுப் பாரேன்"னேன்.

உள்ள குழல்ல ஒரு குண்டு இருந்துச்சு. காலையில என் வண்டியில உட்கார்ந்து நான் போட்டது. அவன் பார்க்கல. பார்த்திருக்கலாம். ஊருக்கெல்லாம் பாருன்னு சொல்லித் தர்றவன்.

இழுத்தான்.

இப்ப அவன் மேல கேஸ் நடக்குது. உள்ள போயிடுவான்னு அவன் வக்கீலே சொல்றார். டுவைட் மறுக்கறதில்லை, நான்தான் பார்க்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். வாரத்துல ஒரு நாள் சாப்பாடு எடுத்துட்டுப் போறேன். போன வாரம் தட்டைத் தொடாம உட்கார்ந்திருந்தான்.

"வெர்னா, குடுக்கறப்ப நீ திறந்து காட்டினியா? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகமே வரல."

"காட்டினேன் டுவைட்"னேன்.

தலையாட்டிட்டு அழுதான். நம்பிட்டான். முன்னாடியே இவ்வளவு மரியாதையா இருந்திருக்கலாம்.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. இந்தக் குழுவுல மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க. தப்பு கையிலதான், பிஸ்டல்ல இல்லன்னு. சரி, அன்னைக்கு நான் குடுத்தது என் பழசா இருந்திருந்தா? அதே குண்டு, அதே அலட்சியக்காரன். பிரிக்க டிரிக்கரைத் தொடவே வேண்டாம். ஸ்லைடை இழுத்ததும் குண்டு மேசையில விழுந்திருக்கும். லொரெட்டா ஊறுகாயோட வெளிய வந்திருப்பா.

குண்டைப் போட்டது நான். கதவுக்குப் பின்னாடி அவ இருக்கான்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். எதையும் மறைக்கல. ஆனா அது தனி விஷயம், அதை இதோட கலக்காதீங்க. டிசைனை மட்டும் வச்சு நேர்மையாச் சொல்லுங்க, பழசா புதுசா? கீழ பதில் போடுங்க.