மயக்க டாக்டர் கேட்ட நாலாவது கேள்வி

என்ன, எல்லாரும் பந்தி நடக்கப்போற பக்கமே பார்க்கிறீங்க? இலை போட இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம். அதுக்குள்ள ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். சங்கத் தலைவர் என்னை ‘உறவின் பெருமை’ன்னு பேசச் சொல்லியிருக்கார். பெருமை கிடக்கட்டும்... நான் சொந்தக்காரங்க வாயைப் பத்திப் பேசப்போறேன்!

சோணைமுத்துன்னு ஒருத்தர். இரும்புக் கடை வச்சிருக்கார். ஒரே பொண்ணு, தேன்மொழி. நிச்சயம் முடிஞ்சாச்சு, கல்யாணத்துக்கு முப்பது நாள்தான் பாக்கி. ஒருநாள் காலையில பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா... குடல்வால் வீங்கியிருக்கு. உடனே ஆபரேஷன்!

சேதி கேட்டு யார் முதல்ல வந்து நின்னது? சம்பந்தி வீடு! மாப்பிள்ளையோட அப்பா வேலாயுதம், அம்மா சரோஜினி. கையில ஒரு டஜன் சாத்துக்குடி. பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு படுத்திருக்கிற பிள்ளைக்குச் சாத்துக்குடி! நம்மாளுங்க வெறுங்கையோட போவாங்களா?

அப்பத்தான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா ஒரு பேப்பரோட வர்றாங்க. பேரு ஜெசிந்தா.

“பொண்ணுக்கு சுகர் இருக்கா?”

“இல்லீங்க.”

“வீசிங்?”

“இல்லீங்க.”

“முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?”

“இல்லவே இல்லீங்க.”

“சரி... உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தப்போ ஏதாவது ஆயிருக்கா?”

சோணைமுத்து ஓரக்கண்ணால சம்பந்தியைப் பார்க்கிறார். ஏன் பார்க்கிறார்? அவருக்கு ஒரு தம்பி இருந்தான், தவசி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனவன் மேஜையிலேயே போயிட்டான். வெளியில என்ன சொன்னாங்க? மாரடைப்பு! குடும்பத்துல ஏதோ வியாதின்னு பேர் கிளம்பினா வரன் வருமா? அந்தப் பயம்.

இப்ப சம்பந்தி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். சோணைமுத்து நெஞ்சை நிமிர்த்தினார் பாருங்க... “எங்க குடும்பத்துலயா? ஒண்ணுமே கிடையாது டாக்டர். எல்லாம் இரும்பு உடம்பு!”

டாக்டரம்மா எழுதப் பேனாவை வச்சாங்க... கதவு படார்னு திறந்துச்சு.

பஞ்சவர்ணம்! சோணைமுத்துவோட அக்கா. நிச்சயத்துக்கு நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு அழைக்காம போன்ல சொல்லிட்டான்னு பேச்சுவார்த்தை இல்ல. ஆனா நம்ம வழக்கம் என்ன? நல்லதுக்கு அழைச்சாப் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும். பிள்ளையையும் பார்த்த மாதிரி, தம்பியையும் நாலு கேட்ட மாதிரி... ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!

“ஏண்டா! நிச்சயத்துக்குத்தான் அக்கா கண்ணுக்குத் தெரியல. ஆபரேஷனுக்காவது ஒரு வார்த்தை கேட்டியாடா? தவசியையும் இப்படித்தானே படுக்க வச்ச? மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்துல தாடை இறுகி, உடம்பு கட்டையா விறைச்சு, தொட்டா கை சுடுதுன்னு நர்ஸு அலறலையா?”

“அக்கா... மெதுவா... சம்பந்தி இருக்காங்க!”

“இருக்கட்டும்! அவங்களும் கேக்கட்டும்!”

டாக்டரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. “உட்காருங்கம்மா. நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் திட்டுங்க. முதல்ல தாடை இறுகுச்சா, சூடு ஏறுச்சா?”

சண்டைக்காரிக்கு நாற்காலி போட்டுக் கேட்ட ஆளை நான் இன்னிக்கு வரைக்கும் வேற எங்கயும் பார்க்கலைங்க!

எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னாங்க: “இது பரம்பரையா வர்ற தசைக் கோளாறா இருக்கலாம். ஆள் பார்க்கத் திடமா இருப்பாங்க. ஆனா மயக்கத்துக்கு மூச்சு வழியாக் கொடுக்கிற சில மருந்தும், தசையைத் தளர்த்துற ஒரு ஊசியும் இவங்களுக்கு ஆகாது. தசையெல்லாம் உலையாக் கொதிச்சு உசிரே போயிரும். இந்தப் பொண்ணுக்கும் அது இருக்குன்னே வச்சுக்கிட்டு, வேற மருந்துல பண்றேன்.”

பண்ணாங்க. தேன்மொழி நல்லபடியாக் கண்ணைத் திறந்தா. திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: “பஞ்சவர்ணம் அத்தை... கிளம்பிட்டாங்களா?”

சோணைமுத்து சம்பந்தியம்மா முன்னாடி கையைக் கூப்பிக்கிட்டு நின்னார். “மறைச்சுட்டேன் தங்கச்சி. சொன்னா வேணாம்னு போயிருப்பீங்க.”

அந்தம்மா சொன்னாங்க: “போயிருப்போம்தாண்ணே. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாங்க இங்க உட்கார்ந்திருந்ததாலதானே நீங்க வாயை மூடுனீங்க? பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா அந்தப் பாவம் எங்களையும்தானே சேரும்?” சொல்லும்போதே அழுதுட்டாங்க. குறிச்ச தேதியிலேயே கல்யாணம் நடந்துச்சு, நானும் போய்ச் சாப்பிட்டேன்.

இப்ப உங்களைக் கேக்கிறேன்... இவ்வளவு நேரம் சிரிச்சீங்களே, உங்க குடும்பத்துல ஒரு தவசி இல்லையா? ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர்... ‘மாரடைப்பு’ன்னு சொல்லி மூடி வச்சவர்? பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், செவ்வாய் பார்க்கிறோம். டாக்டர் ஒரு கேள்வி கேட்டா மட்டும் நமக்கு மானம் குறுக்க வந்துடுது! இன்னிக்குப் பந்தியில பக்கத்து இலைக்காரர்கிட்ட விசாரிங்க. பேசாம இருக்கிற அக்கா தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்க. திட்டுவாங்க... வாங்கிக்குங்க.

ஏன்னா, தவசி செத்தப்போ இங்க யாருக்கும் எதுவும் தெரியாது. அது விதின்னு சொல்லிக்கலாம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு அடுத்த பிள்ளையைப் படுக்க வச்சா... அதுக்குப் பேரு விதியா, சொல்லுங்க?