டியூபில் பதினோரு ஒட்டு

அருள்மேரி: அடிச்சது போதும்டி ஃபிளோரா. கைப்பம்புக்கெல்லாம் இது அடங்காது.

ஃபிளோரா: முன்சக்கரம் அடங்குச்சுல்ல அண்ணி? பின்சக்கரம் மட்டும் என்னவாம்...

அருள்மேரி: அது சாது. இது உன்ன மாதிரி.

பக்கிரி: ஏம்மா அருளு, என் டிரெய்லர் டயரு...

அருள்மேரி: ஒட்டிப் போட்டாச்சு பக்கிரிண்ணே. காய வேணாமா? செத்த நேரம் உக்காருங்க.

பக்கிரி: உக்காந்து உங்க கூத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். டியூப உருவிப்புட்டு வெறும் டயருல காத்தடிக்கிறீங்க. காருக்குச் சரி. சைக்கிளுக்கு எதுக்கும்மா?

ஃபிளோரா: நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தஞ்சாவூர்ல கெளம்பி, வேதாரண்யம் போய்த் திரும்பணும் மாமா. எங்க சைக்கிள் கிளப்புல ஒரு ஓட்டம் வைக்கிறாங்க. இருநூறு கிலோமீட்டர், பதிமூணரை மணி நேரத்துக்குள்ள.

பக்கிரி: அடேயப்பா! பஸ்ஸுல போனாலே எனக்கு இடுப்பு கழண்டுடும்.

ஃபிளோரா: போன வருஷம் திருத்துறைப்பூண்டியோட நின்னுட்டேன். மூணு தடவ கருவமுள்ளு. டியூப் இல்லாட்டி, உள்ள ஊத்துற ரப்பர் பாலே ஓட்டைய அடைச்சிரும். அதான் மாத்துறோம்.

அருள்மேரி: வைக்கோல் லாரியில வந்து எறங்குனா அண்ணே. தலையெல்லாம் வைக்கோல். எங்க வீட்டு மாடே இவளப் பாத்து வாயத் தொறந்துச்சு.

ஃபிளோரா: அதச் சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதே.

அருள்மேரி: இந்த வருஷமும் லாரியில வந்தா கதவத் தொறக்க மாட்டேன். வால்வுக்குள்ள இருக்குற ஊசியக் கழட்டி இப்படிக் குடு... அது இல்லாட்டி காத்து குபீர்னு உள்ள போவும். சோப்புத் தண்ணிய ஓரமெல்லாம் தடவு. சுத்தி வரணும், விடாத.

பக்கிரி: கையப் பாரு, கைய! ரெமிஜியஸு கத்தாருக்குப் போனப்ப இந்தப் பஞ்சர் கட பூட்டிரும்னுதான் நெனச்சோம்.

அருள்மேரி: அவரு பூட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு.

ஃபிளோரா: எங்கண்ணன் ஒட்டுனது மூணு மாசம் தாங்கும் மாமா. அண்ணி வட்டமா வெட்டி, ஓரத்த வழவழன்னு தேச்சு ஒட்டுவாங்க. டயர் செத்தாலும் அந்த ஒட்டு சாகாது.

அருள்மேரி: புகழ்ந்தது போதும். நாளைக்குக் கரியாப்பட்டினம் தாண்டுனதும் எதுத்தாப்புல காத்து அடிக்கும். நிமிந்துக்கிட்டுப் போவாத, குனிஞ்சுக்க. தண்ணிய அதுக்கு முன்னாடியே குடிச்சுடு.

ஃபிளோரா: எதுத்த காத்து... பஸ்ஸுல போறவங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?

அருள்மேரி: ஜன்னலோரம் உக்காந்தா தெரியாதா? போன மாசந்தானே வேதாரண்யத்துல எங்கம்மாவப் பாத்துட்டு வந்தேன்.

ஃபிளோரா: ஆமா. நான் திருச்சிக்கு டிரெயினிங் போயிருந்த அன்னிக்கு. கருவாடு கொண்டாந்தீங்க.

அருள்மேரி: தின்னேல்ல? அப்ப பேசாத.

பக்கிரி: போன மாசம்னதும் ஞாபகம் வருது. விடியக்கால வடுவூர் ஏரிக்கரையில போறேன், எதுத்தாப்புல...

அருள்மேரி: அண்ணே, டீ சொல்லவா?

ஃபிளோரா: எதுத்தாப்புல யாரு மாமா?

பக்கிரி: ...கொக்கும்மா. ஒரு கொக்கு.

ஃபிளோரா: வடுவூர் ஏரியில கொக்கு இருக்குறது அதிசயமா?

பக்கிரி: இது ஊதா கலர். தலையில தொப்பி வேற.

அருள்மேரி: அண்ணனுக்குக் கண்ணுல பொற. கம்ப்ரசரப் போடுடி!

ஃபிளோரா: போட்டாச்சு... அண்ணி, ஓரத்துல எல்லாம் புஸ்ஸுன்னு போவுது. டயர் ரிம்மத் தொடவே மாட்டேங்குது.

அருள்மேரி: நிறுத்து. இன்னொருதரம்... ம்ஹூம். புது டயரு, மடிச்சே வச்சிருந்தது. நடுவுல குழிஞ்சு கெடக்கு.

ஃபிளோரா: போச்சு. மணி நாலாச்சு. இது உக்காரலன்னா நாளைக்கு அவ்ளோதான்.

பக்கிரி: என் டிராக்டர் டயருக்குக் கயிறு கட்டி முறுக்குனியே... நடுவுல இறுக்குனா ஓரம் ரெண்டும் வெளிய தள்ளி ரிம்ம ஒட்டிக்கிச்சே. அத இதுக்குச் செஞ்சா என்னா?

அருள்மேரி: ...அண்ணே, நீங்க கடையில உக்காந்து தொழில கத்துக்கிட்டீங்க. ஆனா கயிறு வழுக்கும். இது சுண்டுவிரல் தண்டி டயரு. ரப்பரு வேணும்.

பக்கிரி: இதுலேருந்து உருவுன டியூபு இருக்குல்ல?

அருள்மேரி: அது குப்பைக்குப் போயிடுச்சு.

பக்கிரி: உன் ஸ்டூலுக்குக் கீழ சுருட்டி வச்சிருக்கியே.

அருள்மேரி: அது வேற டியூபு.

ஃபிளோரா: வால்வு நீட்டமா இருக்கே, இதேதான்! குடுங்க. வால்வுக்கிட்ட வெட்டி நீட்டுறேன்... மாமா, அந்த முனையப் பிடிங்க. டயரச் சுத்தி இறுக்கலாம்.

அருள்மேரி: நான் சுத்துறேன், நீ போய் டீ வாங்கிட்டு வா.

ஃபிளோரா: இருங்க இருங்க... இது என்ன, ஒண்ணு, ரெண்டு, மூணு...

அருள்மேரி: எண்ணுற நேரமாடி இது? சுத்து!

ஃபிளோரா: ...ஒம்பது, பத்து, பதினொண்ணு. அண்ணி, எனக்குப் பின்சக்கரம் நாலு தடவதான் பஞ்சராச்சு. நான் ஒட்டுனது ஆரஞ்சு ஓரம் வச்ச ஒட்டு. தோ, நாலு இருக்கு. மத்த ஏழும் வட்டம். ஓரம் வழவழன்னு.

பக்கிரி: மொதல்ல காத்த அடிங்கம்மா. என் கை வலிக்குது.

அருள்மேரி: விடுறேன். மூஞ்சியத் தள்ளி வச்சுக்கங்க.

பக்கிரி: ஆத்தாடி! வெடிச்சிருச்சு!

அருள்மேரி: வெடிக்கலண்ணே, உக்காந்துச்சு. டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம் வந்துச்சா? ரெண்டு ஓரமும் ஏறிடுச்சு. ஃபிளோரா, பால ஊத்து... போதும். ஊசியப் போட்டுத் திரும்பக் காத்தடி. சக்கரத்தச் சுத்து, உள்ள எல்லாப் பக்கமும் பரவணும்.

ஃபிளோரா: சுத்திக்கிட்டேதான் கேக்குறேன். காலைப் பூசைக்குப் போறேன், காலைப் பூசைக்குப் போறேன்னு தெனம் போனீங்களே...

அருள்மேரி: கோயிலத் தாண்டித்தானே போவணும். வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவேன். பொய் இல்ல.

பக்கிரி: இனிமே நான் சொல்லலாமா? அந்தக் கொக்கு என்னா வேகம்ங்கிற! என் மொபெட்ட முறுக்கிப் பாத்தேன், வடவாத்துப் பாலம் வரைக்கும் பிடிக்க முடியல. ஊதா சுடிதாரு பறக்குது. நான் நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

அருள்மேரி: உன் சைக்கிளக் கேக்காம எடுத்தது தப்புதான் ஃபிளோரா. கேட்டா நீ குடுத்திருப்ப. அப்புறம் தெருவே கேக்கும்... புருஷன் கத்தார்ல கெடக்கான், இவ காத்து வாங்கப் போறான்னு.

ஃபிளோரா: எனக்குத் தெரியும்.

அருள்மேரி: என்ன தெரியும்?

ஃபிளோரா: நான் ஓட்டுறது ஞாயித்துக்கிழமை. புதன்கிழமை செயின்ல வைக்கோல் சுத்தியிருந்தா? சீட்டு ரெண்டு விரல் ஏறி எறங்குன கோடு தெரிஞ்சா? நாத்தனார் சைக்கிளுக்குத் தெனம் எண்ணெ போடுற அண்ணி எந்த ஊர்ல இருக்காங்க மாமா?

பக்கிரி: எங்க ஊர்ல இல்லம்மா.

அருள்மேரி: தெரிஞ்சுமா இவ்ளோ நாளு வாயத் தொறக்கல?

ஃபிளோரா: நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்... அந்த முள்ளு எதுக்கு அண்ணி? ஐயோ! புது டயர்ல குத்துறீங்களே!

அருள்மேரி: கருவமுள்ளுதான். ரோட்டுல குத்துனா பரவால்லியா? இங்கயே பாத்துடுவோம். உருவுறேன்... சுத்து.

பக்கிரி: பால் பொங்குது... சின்னப் பொட்டு... நின்னுடுச்சே! ஏம்மா, இதக் கண்டுபிடிச்சவனுக்கு ஒரு மூட்ட நெல்லு குடுக்கலாம்.

அருள்மேரி: இனி தைரியமாப் போயிட்டு வாடி. லாரி வேணாம்.

ஃபிளோரா: நான் போவல அண்ணி.

அருள்மேரி: எதே?

ஃபிளோரா: போன வருஷம் மூணாவது முள்ளு குத்தவே இல்ல. நானே காத்த எறக்கிவிட்டேன். இடுப்பு செத்துப் போச்சு, சொல்ல வெக்கம். முள்ளு மேல பழியப் போட்டுட்டு வைக்கோல் மேல ஏறிப் படுத்துட்டேன்.

பக்கிரி: அடிப்பாவி...

ஃபிளோரா: பைல ஒரு அட்ட இருக்கு. நாளைக்கு சைக்கிள்ல கட்டுற நம்பர் அட்ட. என்ன பேருன்னு படிங்க அண்ணி.

அருள்மேரி: கண்ணாடி வீட்டுல இருக்கு.

பக்கிரி: குடு, நான் படிக்கிறேன். பதினேழு... அருள்மேரி ரெமிஜியஸ்.

ஃபிளோரா: மூணு வாரம் முன்னாடியே பதிஞ்சாச்சு. தனியா விடியக்கால வடவாத்தங்கரையில போறீங்க, முள்ளு குத்தி எங்கயும் நிக்கக் கூடாதுன்னுதான் டியூபயே கழட்டச் சொன்னேன். எனக்காக இல்ல.

அருள்மேரி: ...அடி போடி.

பக்கிரி: அழாதம்மா அருளு. டயர் நனைஞ்சா துரு பிடிக்கும்.

அருள்மேரி: டயருக்கு ஏதுண்ணே துரு... நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை?

ஃபிளோரா: சனிக்கிழமை சாயங்காலப் பூசையே ஞாயித்துக்கிழமைக்குச் சேரும்ல, இன்னிக்கே ரெண்டு பேரும் போவலாம். நான் ஸ்கூட்டியில வேதாரண்யம் போய் வாழப்பழத்தோட நிப்பேன். கடைய மாமா பாத்துக்குவாரு.

பக்கிரி: நானா! சரி... பாத்துக்குறேன். ஆனா வடுவூரு வேற, வேதாரண்யம் வேற. பழக்கம் இல்லாத ரோட்டுல, அவ்ளோ தூரம்... பதிமூணரை மணி நேரத்துக்குள்ள முடியுமாம்மா?

ஃபிளோரா: முடியும் மாமா. என்ன, ஒருதரம் ஓட்டிப் பாத்திருந்தா பயம் தெளிஞ்சிருக்கும். என்ன அண்ணி, சிரிக்கிறீங்க?

அருள்மேரி: அந்த ஏழு ஒட்டுல மூணு, வேதாரண்யம் ரோட்டுல போட்டதுடி. அன்னிக்குக் கருவாடு பஸ்ஸுல வரல. போவ வர பன்னண்டே கால் மணி நேரம்... எங்கம்மா வச்ச மீன் கொழம்பத் தின்ன நேரத்தையும் சேத்து.