ஊசிக்கு நாள் பார்த்தவள்

— ஹச்...சூ!

— அக்கா! நீயா தும்மினே?

— பின்னே, செவுரா தும்மும்? உள்ள வந்து செருப்பைக்கூடக் கழட்டலை, அதுக்குள்ள விசாரணையா?

— அங்கேயே நில்லு. கிட்ட வராதே. மாஸ்க் எங்கே?

— பையில பத்திரமா இருக்கு.

— பைக்கா சளி பிடிக்கும்?

— அட சும்மா இருடா. நாள் முழுக்க ஸ்கூல் வேன்ல பிள்ளைகளை ஏத்தி இறக்கிட்டு வரேன். ரோட்டுத் தூசி மூக்குல ஏறிடுச்சு. தூசிக்கும் ஜுரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?

— சொல்றதைக் கேளுக்கா. இந்தா தெர்மாமீட்டர். வாயில வை.

— அதை வாயில வெச்சா நான் பேச முடியாது. அதானே உனக்கு வேணும்?

— விளையாடாதே. ஊசி போட்டுட்டியா?

— எந்த ஊசி?

— அக்கா!

— ஓ, ஃப்ளூ ஊசியா. போடணும். பரீட்சை முடியட்டும்னு பார்க்கிறேன்.

— பரீட்சை உனக்கா, பிள்ளைகளுக்கா?

— ஊசி போட்ட கை வலிக்குமாம்டா. அந்தக் கையால எப்படிப் பிள்ளைகளைத் தூக்கி வண்டியில விடறது?

— போன வாரம், ‘சீக்கிரம் போட்டா சீசன் வர்றதுக்குள்ள வேகம் குறைஞ்சிடும்’னே. அதுக்கு முந்தி, கிளினிக்ல கூட்டம்னே. நான் பத்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்க்கா. எத்தனை தடவை அமுக்கியும் லிஃப்ட் ஏறலைன்னா, கோளாறு பட்டன்ல இல்ல.

— ஆரம்பிச்சுட்டான்யா, லிஃப்ட் கதையை.

— டாக்டர் என்ன சொன்னாரு? ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு பேரும் போட்டுக்கணும். ஊசி உடம்புல வேலை செய்யவே ரெண்டு வாரம் பிடிக்கும். நான் அன்னைக்கே போட்டுக்கிட்டேன். ஆபரேஷனுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான், நீ இன்னைக்குப் போட்டாத்தான் சரியா வரும். தெருமுக்கு கிளினிக் இன்னும் திறந்துதான் இருக்கு. கிளம்பு, நானும் வரேன்.

— நீ எங்கடா வர்றே? இப்பத்தான் டயாலிசிஸ் முடிஞ்சு வந்திருக்கே. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு. படு.

— படுத்துப் படுத்து முதுகே தேஞ்சு போச்சு. மிஷின் என் ரத்தத்தை எடுத்துத் துவைச்சுத் துவைச்சுத் திருப்பிக் குடுக்குது. நடு மாடியில நின்ன லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன்க்கா. மேலயும் போகலை, கீழயும் போகலை. உன் கிட்னி வந்தாத்தான் கதவு திறக்கும்.

— தெரியும்டா.

— தெரிஞ்சா ஏன்க்கா இப்படி? உனக்கு ஜுரம் வந்தா தேதி போச்சு. அடுத்த தேதி எப்பவோ. அதுவரைக்கும் இந்த உடம்பு தாங்கும்னு சொல்ல முடியாதுங்கிறாரு டாக்டர்.

— அப்படியா? என்கிட்ட அதைச் சொல்லலையே.

— நான்தான் சொல்ல வேணாம்னேன். நீ பயந்துடுவேன்னு.

— சரி, நீ முதல்ல படு.

— இன்னொண்ணு கேட்கணும். உங்க வேன் டிரைவர் மத்தியானம் போன் பண்ணினாரு.

— அவன் எதுக்கு உனக்குப் பண்றான்?

— நலம் விசாரிக்கத்தான். பேச்சுவாக்குல சொன்னாரு. பெரிய பிள்ளைங்க வண்டியில இருந்தவ, நர்சரி வண்டிக்கு நீயா கேட்டு மாத்திக்கிட்டியாமே?

— சின்னதுங்கன்னா எனக்கு ஆசை.

— அதுல பாதி இருமுதாம். மத்த ஆயாங்க இருமற பிள்ளையை ஜன்னலோரம் தனியா உட்கார வைப்பாங்களாம். நீ மடியில வெச்சுக்கிறியாம். ‘உங்க அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு’ன்னு புகழ்றாரு மனுஷன்.

— அழுவுற பிள்ளையைத் தூக்காம இருக்க முடியுமா?

— மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுத் தூக்கேன்! ஊசியைப் போட்டுக்கிட்டுத் தூக்கேன்! வயித்தைக் கிழிக்கவே சம்மதிச்சவ, கையில ஒரு குத்துக்கு இப்படி நாள் பார்க்கிறியே!

— சம்மதிச்சேன்...

— அதுவும் நான் கேட்கவே இல்லையேக்கா. உன்னோடது பொருந்துதுன்னு சொன்ன நிமிஷமே, ‘நான் தர்றேன்’னு எழுந்து நின்னே.

— எல்லாரும் என் மூஞ்சியைத்தானேடா பார்த்தாங்க. நீ ஒருத்தன்தான் தரையைப் பார்த்தே.

— அம்மா உன்னைக் கட்டிப்பிடிச்சு எப்படி அழுதாங்க!

— ஆமா. எனக்கு விவரம் தெரிஞ்சு அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சது அதுதான் முதல் தடவை. ‘என் தங்கமே’ன்னாங்க. அந்த வார்த்தை நம்ம வீட்டுல உனக்குத்தானே பட்டா போட்டது.

— இப்ப எதுக்கு அதெல்லாம்? மாமா ஏதாவது சொல்றாரா? வேணாங்கிறாரா?

— உங்க மாமாவா? ‘உன் இஷ்டம்’னுட்டாரு. இத்தனை வருஷக் குடித்தனத்துல என் இஷ்டத்துக்கு விட்ட முதல் விஷயம். டிவி சேனல்கூட அவர் இஷ்டம்தான்.

— சிரிக்காதேக்கா. உன் கண்ணு சிரிக்கலை.

— டாக்டர் என்னைத் தனியா உட்கார வெச்சுக் கேட்டாரு. ‘முழுச் சம்மதமா? யாருக்காகவும் பயப்படாதீங்க’ன்னு. நல்ல மனுஷன். ஆனா அந்த ரூம் கதவு கண்ணாடி. வெளியே அம்மாவோட நிழல் அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டே இருந்துது. சம்மதம்னேன்.

— உட்காரு முதல்ல. ஊசின்னா பயமா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம்? கிளினிக் நர்சை இங்கேயே வந்து போடச் சொல்றேன். நான் உன் கையைப் பிடிச்சுக்கிறேன். போன் போடவா?

— வேணாம்.

— ரிங் போகுது...

— கட் பண்ணுடா!

— ஏன்க்கா? ஊசியில என்ன இருக்கு? என்னைப் பார்த்துச் சொல்லு. ஏன்?

— ‘தர மாட்டேன்’னு சொல்ல எனக்கு வாய் வரலைடா, ஒரு ஜுரம் வந்தா, எனக்குப் பதிலா அது சொல்லிடும்.