சுத்தமான கரண்ட்

உங்கள் மேசை விசிறி லேசாக முனகுகிறது, இன்ஸ்பெக்டர் சார். உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். பரவாயில்லை, ஓடட்டும். சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அதை ஒலியாக மாற்ற ஒரு பெட்டி வேண்டும், கன்வர்ட்டர் என்போம். என் மச்சானிடம் இருப்பது கட்டைவிரல் அளவு. ஒரு ஜோடி செருப்பு வாங்கும் காசில் கிடைக்கும். என்னுடையதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன். அதற்கே அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனாரின் ஆக்சிஜன் மெஷினுக்கு பேட்டரி வாங்க வைத்திருந்த பணம் அது என்பதும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் கரண்டே போவதில்லை. எனக்கு வீண்செலவு பிடிக்காது, சார்.

மாமனார் அடுத்த அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். மெஷின் நின்றால் மூச்சுத் திணறிவிடும். கூப்பிடக் குரல் எழும்பாது என்று கட்டிலில் ஒரு சின்ன மணி கட்டியிருந்தோம். தங்கமான மனுஷர், காதுதான் ரசனை கெட்டது. இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் பாட்டுப் போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மாப்ளை" என்றார்.

அதையே பிடித்துக்கொண்டு மச்சான் என்னை ஓட்ட ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், அவன் அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், இரண்டு பெட்டியையும் துணி போட்டு மூடினான்.

"ஒரே பாட்டை ரெண்டு தடவை போடறேன் அத்தான். எது உங்க பெட்டின்னு சொல்லுங்க. தோத்துட்டா அதை வித்து அப்பாவுக்கு பேட்டரி வாங்கணும்."

என் கண்ணில் படாமல் ஒயரை மாட்டுவான், பாட்டைப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

தோற்றால் பெட்டி கைவிட்டுப் போய்விடும். அதனால் எனக்குச் சுத்தமான கரண்ட் வேண்டியிருந்தது. அதே லைனில் வேறு மெஷின் ஓடினால் கரண்ட் அழுக்காகிவிடும், அழுக்குக் கரண்ட் எப்பேர்ப்பட்ட பெட்டியின் ஒலியையும் கெடுத்துவிடும். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜை அணைத்தேன். விசிறியை அணைத்தேன். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார், அவருடைய மெஷினையும் அணைத்தேன். பாட்டு முடிகிறவரைதானே. பிளக்கைப் பிடுங்கினால் அது அலறும், அதன் சுவிட்சிலேயே அணைத்தால் அலறாது. நோயாளியைத் திடுக்கிட வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

முதல் தடவை எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, சார். பாட்டின் நடுவில், எங்கோ தூரத்தில் ஒரு மணி. வருஷக்கணக்காகக் கேட்கிற பாட்டு. அதில் இப்படி ஒரு மணி இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளத்துக்குக் கட்டுப்படாமல், விட்டு விட்டு, கடைசியில் மெலிந்து அடங்கியது. என்ன ஒரு நுணுக்கம்.

இரண்டாம் தடவை மணி இல்லை. பாட்டு மொட்டையாக இருந்தது.

மச்சானைக் கூப்பிட்டு, முதலில் ஓடியது என் பெட்டி, அடுத்தது உன் குப்பை என்று அடித்துச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவிடமும் சொல்லிச் சிரிக்கலாம் என்று கதவைத் திறந்தான்.

மெஷினை அணைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு தடவையும் ஓடியது தன்னுடைய சின்னப் பெட்டிதான், என்னுடையதற்கு ஒயரே மாட்டவில்லை என்று மச்சான் சொல்லியிருக்கிறானே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். பாவம், அப்பாவைப் பறிகொடுத்த துக்கத்தில் உளறுகிறான். அந்த மணியை நான் என் காதால் கேட்டேன், சார்.